திருகாணி ஏன் வர மறுக்கிறது?

வீட்டில் பழைய சன்னல் கதவு ஒன்று சரியாக மூடவில்லை. கீல் தேய்ந்துவிட்டது, அதைக் கழற்றிவிட்டு வேறு கீல் பொருத்த வேண்டும். வேலை அவ்வளவுதான். மேசை இழுப்பறையில் கிடந்த திருப்புளியை எடுத்து வந்து, திருகாணியின் காடியில் வைத்துத் திருப்புகிறீர்கள். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாகத் திருப்புகிறீர்கள். 'சரக்'கென்று திருப்புளி நழுவுகிறது. காடியின் ஓரம் சற்று மழுங்கிவிட்டது. மீண்டும் முயல்கிறீர்கள்; மீண்டும் நழுவுகிறது. நான்காம் முறைக்குப் பிறகு அங்கே காடியே இல்லை; பளபளப்பான ஒரு பள்ளம்தான் இருக்கிறது. இனி எந்தத் திருப்புளியாலும் அதைப் பிடிக்க முடியாது. சில காசு மதிப்புள்ள ஓர் ஆணி, தேக்கு மரக் கதவைச் சிறைப்பிடித்துவிட்டது!

இங்கே குறை உங்கள் வலிமையில் இல்லை. திருகாணியும் திருப்புளியும் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், பத்து வயதுச் சிறுமிகூடக் கழற்றக்கூடிய திருகாணிகளை வலிமையான ஆட்கள் கெடுத்துவைப்பது ஏன் என்பது விளங்கும்.

முதலில் ஒரு சிறு சோதனை. ஒரு தாளைச் செங்கோண முக்கோணமாக வெட்டிக்கொள்ளுங்கள். அதன் குட்டையான செங்குத்துப் பக்கத்தைப் பென்சிலின்மேல் ஒட்டவைத்துச் சுற்றுங்கள். முக்கோணத்தின் சாய்ந்த ஓரம், பென்சிலைச் சுற்றி ஏறிச் செல்லும் திருகுப் புரியாகத் தெரியும். ஆம், திருகாணி என்பது உருளையின்மேல் சுற்றப்பட்ட சாய்தளமே. மலைமேல் ஏறும் வண்டிப்பாதை வளைந்து வளைந்து போவதுபோல, புரியும் மெல்ல மெல்ல ஏறுகிறது.

அந்த ஏற்றம் எவ்வளவு? 6 மி.மீ. விட்டமுள்ள சாதாரண மரையாணியை எடுத்துக்கொள்வோம். அதன் புரியிடைத் தூரம் 1 மி.மீ. ஒரு சுற்றில், புரியின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 17 மி.மீ. சுற்றி வந்து, 1 மி.மீ. மட்டுமே ஏறுகிறோம். சாய்வு மூன்றரை பாகைக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு மெல்லிய சரிவில் எஃகின்மேல் எஃகை வைத்தால், அது தானாக வழுக்கி இறங்காது. வழுக்கவேண்டுமானால் சரிவு எட்டுப் பாகை அளவுக்கேனும் வேண்டும். திருகாணி முடுக்கிய இடத்திலேயே நிற்பதன் இரகசியம் இதுதான். அதைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு.

உராய்வு இலவசமாக வேலை செய்வதில்லை. நாம் கொடுக்கும் முறுக்கில் பாதி, திருகாணியின் தலைக்கு அடியிலுள்ள உராய்விலும், பத்தில் நான்கு பங்கு புரிகளின் உராய்விலும் போய்விடும். மிச்சம் பத்தில் ஒரு பங்குதான் பொருள்களை இறுக்கிப் பிடிக்கும் விசையாக மாறுகிறது. இவை தோராயக் கணக்குகளே. எண்ணெய் இட்டால் மாறும். துரு ஏறினால் பெரிதும் மாறும்.

ஒரு செய்தி உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். முடுக்கும்போது சரிவில் ஏறுகிறோம். கழற்றும்போது சரிவில் இறங்குகிறோம். ஆகவே, புதிய திருகாணியைக் கழற்ற, அதை முடுக்கியதைவிடக் குறைந்த முறுக்கே போதும். அப்படியானால், பழைய திருகாணி மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது?

துருதான் காரணம். ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கிறது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பாடத்தில் அவ்வளவாகச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். திறந்த வெளியிலுள்ள இரும்பில் அது செதிலாக உதிர்ந்துவிடும். புரிகளுக்கிடையில் உதிர இடமேது? அங்கேயே பருத்து, ஆப்பு அடித்ததுபோல் இறுகுகிறது. மரத்தில் பதிந்த திருகாணியானால், டானின் மிகுந்த மரங்களில் கறுப்புக் கறை ஒன்றும் சேரும். கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து அக்காலத்தில் மை செய்தார்களே, அதே வேதிவினைதான் அந்தக் கறை. இவற்றுக்கெல்லாம் மேலே, ஆண்டுதோறும் பொங்கலுக்குப் பூசிய வண்ணப்பூச்சு அடுக்கடுக்காகக் காடியை மூடியிருக்கும்.

ஆக, நமக்குத் தேவை இரண்டு: காடியைக் கெடுக்காமல் முறுக்கைக் கொண்டுசேர்க்கும் திருப்புளி; துருவின் பிடியைத் தளர்த்தும் உபாயம்.

திருப்புளியைப் பற்றி

நீளமான திருப்புளியானால் எளிதாகத் திருகலாம் என்று பலர் நம்புகிறார்கள். இது தவறு. கதவைத் தள்ளும்போது கீலிலிருந்து எட்டத் தள்ளினால் எளிது. அது நெம்புகோல் தத்துவம். திருப்புளியில் நாம் திருப்புவது தண்டின் அச்சைச் சுற்றி. தண்டு ஒரு சாண் இருந்தாலும் ஒரு முழம் இருந்தாலும் அச்சுக்கும் உள்ளங்கைக்கும் உள்ள தூரம் மாறுவதில்லை. அதை மாற்றுவது கைப்பிடியின் பருமன்தான். 4 நியூட்டன்-மீட்டர் முறுக்கு வேண்டுமென்று வைத்துக்கொள்ளுங்கள். 15 மி.மீ. விட்டமுள்ள ஒல்லிக் கைப்பிடியில், எதிரெதிர்ப் பக்கங்களில் தலா 267 நியூட்டன் விசை கொடுக்க வேண்டும். 30 மி.மீ. கைப்பிடியில் 133 நியூட்டன் போதும். நீளத் தண்டினால் நன்மை ஒன்று உண்டு: திருப்புளி நேராக நிற்கிறதா என்பது கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்து நுனி. இங்கேதான் பெரும்பாலான காடிகள் சாகின்றன. அதே 4 நியூட்டன்-மீட்டர் முறுக்கை 8 மி.மீ. அகலமுள்ள நுனி வழியாகச் செலுத்தினால், அதன் இரு மூலைகளும் காடியின் சுவரைத் தலா 500 நியூட்டன் விசையுடன் அழுத்தும். ஏறத்தாழ ஐம்பது கிலோ மூட்டையின் எடை! அதே காடியில் 4 மி.மீ. நுனியை வைத்துத் திருப்பினால் விசை 1000 நியூட்டன் ஆகிவிடும். அழுத்தம் ஒரு கடுகளவு இடத்தில் விழுகிறது. காடி நசுங்காமல் என்ன செய்யும்? நுனியின் அகலம் காடியின் நீளத்துக்கு ஏறக்குறையச் சமமாகவும், கனம் காடிக்குள் ஆட்டமில்லாமல் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். ஆனால் தலையைவிட அகலமாக இருந்தால் சுற்றியுள்ள மரத்தைக் கீறும்.

நுனியைப் பக்கவாட்டில் பாருங்கள். மலிவான திருப்புளிகளில் அது உளிபோல் சரிந்து கூராகும். சரிந்த பக்கங்கள் காடியின் ஓரங்களில் மட்டுமே படும். திருப்பும் விசையில் ஒரு பகுதி திருப்புளியை மேலே தள்ளும். ஒவ்வொரு பக்கமும் எட்டுப் பாகை சரிந்திருந்தால், மேலே சொன்ன 500 நியூட்டன் விசை, உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், இரு பக்கமும் சேர்ந்து 140 நியூட்டன் அளவுக்குத் திருப்புளியை எக்கிவிடும். அதை அமுக்கிப் பிடிக்க 14 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தியாக வேண்டும். நல்ல திருப்புளியின் நுனியில், காடிக்குள் இறங்கும் சிறு பகுதி இணையான பக்கங்களுடன் இருக்கும். கடையில் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கைப்பிடியின் நிறத்தை அல்ல.

கூட்டல்குறித் தலைகளுக்கும் இதே கதைதான். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ் இதற்கான காப்புரிமைகளை 1936-இல் பெற்றார். ஜான் தாம்சன் என்பவரின் முந்தைய கண்டுபிடிப்பை வாங்கித் திருத்தியதே அது. அந்த ஆண்டிலேயே காடிலாக் மோட்டார் வண்டித் தொழிற்சாலையில் இத்திருகாணிகள் பயன்படத் தொடங்கின. இயந்திரத் திருப்புளி தானாகவே நடுவில் போய் அமர்ந்துகொள்வது இதன் பெருமை. ஆனால் பள்ளத்தின் சுவர்கள் சரிவாக இருப்பதால், அழுத்திப் பிடிக்காவிட்டால் ஏறி வெளியே வந்துவிடும். கனடாவின் பீட்டர் ராபர்ட்சன் அதற்கும் முன்பே, 1908-இல், சதுரப் பள்ளமுள்ள திருகாணியைக் கண்டுபிடித்திருந்தார். அது நழுவுவதில் குறைந்ததே. இருந்தும் உலகெங்கும் பரவியது பிலிப்ஸ் முறைதான். சிறந்தது எப்போதும் வெல்வதில்லை என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு!

பிலிப்ஸ் நுனிகளில் 0, 1, 2, 3 என எண் அளவுகள் உண்டு. கீல், தாழ்ப்பாள் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 2-ஆம் எண் தேவைப்படும். வீட்டில் இருப்பதோ 1-ஆம் எண். அதை வைத்தே எல்லாவற்றையும் திருகுகிறோம். பள்ளம் கெட்டுப்போவதற்கு வேறு காரணம் வேண்டுமா? கூட்டல்குறிக்கு இடையில் மூலைவிட்டமாக மெல்லிய கோடுகள் காணப்பட்டால் அது 'போசிடிரைவ்' வகை. அதற்கு வேறு நுனி. கூட்டல்குறியின் அருகில் சிறு புள்ளி ஒன்று இருந்தால் அது ஜப்பானியத் தர முறை. பிலிப்ஸ் நுனி அதில் முழுதாக அமராது. ஜப்பானிய முறையில் செய்த மோட்டார் சைக்கிள்களிலும் பழைய காமிராக்களிலும் இதைக் காணலாம்.

எஃகு எப்படி இருக்க வேண்டும்? மிக மென்மையானால் நுனி முறுக்கிக்கொள்ளும். மிகக் கடினமானால் கண்ணாடிபோல் சில்லாகும். எஃகைச் செந்நிறம் வரக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கடினமாகும். உடையும் குணமும் கூடவே வரும். அதை மீண்டும் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் கடினம் சற்றுக் குறைந்து, உறுதி கூடும். மெருகிட்ட எஃகின்மேல் அப்போது ஊதாவும் நீலமும் கலந்த நிறம் படரும். பழைய கொல்லர்கள் அந்த நிறத்தைப் பார்த்தே பதம் அறிந்தார்கள். இன்று நல்ல திருப்புளிகளைக் குரோமியமும் வனேடியமும் சேர்ந்த எஃகில் செய்கிறார்கள். 'குரோம் வனேடியம்' என்று தண்டில் பொறித்திருப்பது மட்டும் போதிய சான்றன்று. பொறிப்பதற்குச் செலவு அதிகமில்லை. நுனி மூலைகள் கூர்மையாக இருக்கின்றனவா, தண்டை மேசைமேல் உருட்டினால் ஆடாமல் உருளுகிறதா, கைப்பிடிக்கு அருகில் ஸ்பானர் மாட்ட அறுகோணப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள்.

தேய்ந்த நுனியை அரத்தால் நேராக்கலாம். சுழலும் சாணைக்கல்லில் பிடித்தால் அடிக்கடி நீரில் தோய்க்க வேண்டும். நுனி நீலத்தையும் தாண்டிச் சாம்பல் நிறம் கண்டுவிட்டால், பதம் போய்விட்டது என்று பொருள்.

நம் வீடுகளில் திருப்புளி என்றால் பெரும்பாலும் மின்சாரம் பார்க்கும் 'டெஸ்டர்'தான்! அதற்குள் நியான் விளக்கும், மின்னோட்டத்தைத் தடுத்துக் காக்கும் பெரிய மின்தடையும் உள்ளன. மெல்லிய நுனி, நொறுங்கக்கூடிய பிளாஸ்டிக் கைப்பிடி. அதை வைத்துக் கீலைக் கழற்றினால் காடியும் கெடும், கைப்பிடியும் விரிசல் விடும். விரிசலில் ஈரம் புகுந்த டெஸ்டரை மின்கம்பியில் வைப்பது உயிரோடு விளையாடுவது. மேலும், பிளாஸ்டிக் கைப்பிடி இருப்பதாலேயே ஒரு திருப்புளி மின்காப்பு உடையதாகிவிடாது. சோதித்துப் பார்த்த கருவிகளில் இரட்டை முக்கோணக் குறியும் '1000 வோல்ட்' என்ற எழுத்தும் இருக்கும். அதுவும் மெயின் சுவிட்சை அணைப்பதற்கு மாற்று அல்ல.

இனி, பிடிவாதக்காரனிடம் போவோம்

முதல் வேலை காடியைத் தோண்டிச் சுத்தம் செய்வது. பழைய ஹாக்ஸா பிளேடின் உடைந்த துண்டு இதற்கு மிக நல்லது. வண்ணம் மிகப் பழையதானால் உலர்ந்தபடி சுரண்டாதீர்கள். ஈரத்துணியால் நனைத்துச் சுரண்டி, துகள்களைத் துடைத்தெடுத்துக் கைகழுவுங்கள். பழைய எனாமல் பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். நம் நாட்டில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயத்தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தம்பி தங்கைகளை அந்த அறையிலிருந்து அனுப்பிவிடுங்கள். தலையைச் சுற்றியும் கத்திமுனையால் ஒரு கீறல் போட்டுவிடுங்கள்; இல்லாவிட்டால் வண்ணமே பசையாக நின்று பிடிக்கும்.

இரண்டாவது, தட்டுவது. பொருந்திய திருப்புளியைக் காடியில் நிறுத்தி, கைப்பிடியின் தலையில் சுத்தியலால் நான்கைந்து தடவை 'டொக் டொக்'கென்று தட்டுங்கள். ஓங்கி அடிக்கக் கூடாது. துரு இழுவையைத் தாங்காது, அதிர்ச்சியையும் தாங்காது, நொறுங்கும் தன்மையுடையது. இதற்கு, தண்டு கைப்பிடியின் அடிவரை ஊடுருவிச் செல்லும் திருப்புளியே ஏற்றது. டெஸ்டரைத் தட்டிவிடாதீர்கள்! சுத்தியல் எடுக்கும்போது கண்ணாடி அணிவது நல்லது.

இப்போது திருப்பிப் பாருங்கள். கழற்றும் பக்கம் அல்ல; முடுக்கும் பக்கம், ஒரு மயிரிழை. பிறகு எதிர்ப்பக்கம். துருவின் ஒட்டு எந்தப் பக்கம் திருப்பினாலும் உடையும். ஒருமுறை 'கிறீச்' என்று ஒலி கேட்டால் பாதி வெற்றி. அதன்பின் இப்படியும் அப்படியுமாக ஆட்டி ஆட்டி வெளியே கொண்டுவர வேண்டும். உடல் எடையைத் திருப்புளியின்மேல் சாய்த்து, அமுக்குவதற்கு முக்கால் பங்கு பலமும் திருப்புவதற்குக் கால் பங்கும் செலவிடுங்கள். நழுவுகிறது என்று தோன்றிய அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும். கழற்ற வேண்டிய சிறு பொருளை ஒருபோதும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திருப்பாதீர்கள். நழுவிய திருப்புளி உள்ளங்கையைத் துளைத்துவிடும். பட்டறை இடுக்கியில் பூட்டுங்கள்.

எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் ஐயம் வேண்டாம். இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். ஆனால் விதிவிலக்குகள் உண்டு. சைக்கிளின் இடப்பக்க மிதி இடப்புரி உடையது. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். பல மேசை மின்விசிறிகளின் இறக்கையைப் பிடித்திருக்கும் குமிழும் அப்படியே. இது தெரியாமல் அரைமணி நேரம் போராடி, அதை மேலும் முடுக்கிவைத்தவர்கள் ஏராளம்.

உலோகத்துக்குள் உலோகமாகப் பதிந்த திருகாணிக்கு எண்ணெய் உதவும். தையல் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணாடித் தகடுகளை ஓர் ஓரம் ஒட்டியும் மறு ஓரம் சற்று விலகியும் இருக்குமாறு நீரில் நிறுத்தினால், இடைவெளி குறுகிய இடத்தில் நீர் உயரமாக ஏறும். நுண்புழை ஏற்றம் என்பது இதுவே. புரிகளின் மெல்லிய இடுக்கில் எண்ணெய் தானே நுழைவதும் இதனால்தான். எண்ணெய் இளகலாக இருக்க வேண்டும். மண்ணெண்ணெயுடன் சிறிது இயந்திர எண்ணெய் கலந்தது நன்று. கடைகளில் விற்கும் துரு நீக்கித் தைலங்களும் இதே வகைதான். இரண்டு சொட்டு விட்டு, மெல்லத் தட்டி, இரவு முழுதும் விட்டுவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் பலன் தேடுவதே பலர் செய்யும் பிழை. சமையல் எண்ணெய் வேண்டாம். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவை காற்றுடன் சேர்ந்து நாளடைவில் பிசினாகும். தேங்காய் எண்ணெய் குளிர்ந்த காலையில் உறைந்துவிடும். பாட்டி காலத்துத் தையல் இயந்திரங்கள் பல இப்படித்தான் இறுகிப்போயின.

மரத்தில் பதிந்த திருகாணிக்கு எண்ணெய் அவ்வளவாகப் பயன்படாது, மரத்தைக் கறையாக்கும். அங்கே வெப்பம் கைகொடுக்கும். 60 வாட்டோ அதற்கு மேலோ உள்ள பற்றவைக்கும் கோலைத் திருகாணித் தலையின்மேல் இரண்டொரு நிமிடம் வைத்திருங்கள். எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் அளவில் பத்து இலட்சத்தில் 12 பங்கு விரியும். 5 மி.மீ. திருகாணி 200 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் 0.012 மி.மீ. கூடும். இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். துருவையும் வண்ணத்தையும் மரத்தின் பிடியையும் பிளக்க அது போதும். ஆறவிடுங்கள். திருகாணி சுருங்கும்போது சுற்றிலும் மெல்லிய இடைவெளி பிறக்கும். அப்போது திருப்புங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய வேண்டும். எண்ணெய் விட்ட இடத்தில் செய்யவே கூடாது. மண்ணெண்ணெய் நாற்பது டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும்.

கடற்கரை ஊர்களில் அலுமினியச் சன்னல்களில் எஃகுத் திருகாணி சிக்கிக்கொள்வது வேறு நோய். இரு உலோகங்களுக்கிடையே உப்புக்காற்றின் ஈரம் சேர்ந்தால் அது ஒரு சிறு மின்கலமே. அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைத் தூளாகிப் புரிகளை அடைக்கும். இங்கே திருகாணியை அல்ல, சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்க வேண்டும். அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், துளை அகலும்.

இதற்கும் மசியாதவற்றுக்கு மோட்டார் சைக்கிள் பட்டறைகளில் 'இம்பாக்ட் டிரைவர்' என்ற கருவி உண்டு. தலையில் சுத்தியலால் அடித்தால், உள்ளேயுள்ள சாய்ந்த பள்ளம் அந்த அடியின் ஒரு பகுதியைத் திருப்பும் விசையாக மாற்றும். அமுக்கலும் திருப்பலும் ஒரே நொடியில் நிகழ்வதால் நுனி நழுவ நேரமில்லை. சாய்தளமே சாய்தளத்தை வெல்கிறது!

காடி ஏற்கெனவே கெட்டுவிட்டதா? கூட்டல்குறித் தலையானால், வால்வு தேய்க்கும் பசையில் சிறிது எடுத்துப் பள்ளத்தில் இட்டுப் பாருங்கள். அதிலுள்ள கார்போரண்டம் துகள்கள் நுனிக்குப் பிடிமானம் தரும். தலை வெளியே துருத்தியிருந்தால் ஹாக்ஸாவால் புதுக்காடி அறுக்கலாம். எதுவும் பலிக்காவிட்டால் தலையின் நடுவில் புள்ளியடித்து, திருகாணித் தண்டின் பருமனுக்குத் துளையிட வேண்டும். தலை தனியாகக் கழன்று, கீலும் கையோடு வந்துவிடும். மிச்சமிருக்கும் முனையைக் குறடால் பிடித்துத் திருகலாம். தலையின் அழுத்தம் போய்விட்டதால் அது பெரும்பாலும் எளிதாகவே வரும். முறுக்கில் பாதி தலைக்கு அடியிலுள்ள உராய்வுக்குப் போகிறது என்றோமே, நினைவிருக்கிறதா?

புதுக் கீலைப் பழைய துளையில் பொருத்தினால் பிடிக்காது. மூங்கில் அல்லது தேக்குக் குச்சியைச் சீவிப் பசையுடன் துளையில் இறக்கி, உலர்ந்தபின் மட்டமாக அறுத்து, மெல்லிய துளையிட்டுக்கொள்ளுங்கள். புதுத் திருகாணியின் புரியை மெழுகுவர்த்தியில் ஒருமுறை உரசினால் இலகுவாக இறங்கும். சோப்பு வேண்டாம்; அது ஈரத்தை இழுக்கும். பித்தளைத் திருகாணி துருப்பிடிக்காதுதான். ஆனால் கெட்டி மரத்தில் நேரே முடுக்கினால் கழுத்து முறிந்துபோகும். அதே அளவு எஃகுத் திருகாணி ஒன்றை முதலில் முடுக்கி, மரத்தில் புரி வெட்டிக்கொண்டு, அதைக் கழற்றிவிட்டுப் பிறகு பித்தளையைப் போடுங்கள்.